குறைந்த நிதியில் சிறு பொது நூலகத்தைப் புதுப்பித்தல்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

சிறிய பொது நூலகம் ஒன்றைச் சீரமைக்க ஒரு சிறு தொகை கிடைத்தவுடன், அதை நிர்வகிப்பவர்களின் எண்ணம் பெரும்பாலும் சுவர் வண்ணத்தையும் புதிய நாற்காலிகளையுமே முதலில் நாடுகிறது. இரண்டும் கண்ணுக்கு உடனே தெரிபவை. படமெடுத்துக் காட்டவும் ஏற்றவை. ஆனால் கூரைக் கசிவை நிறுத்தாமல் பூசிய வண்ணம் அடுத்த மழையில் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும். எவரும் தொடாத நூல்களால் நெருக்குண்டு கிடக்கும் அலமாரிகளுக்கிடையே கொண்டுவந்து போட்ட நாற்காலி, இருக்கும் வழியையும் அடைத்துவிடும். ஆகவே இங்கே பரிந்துரைக்கப்படும் வரிசை வேறு. முதலில் கவனித்தல், அடுத்து நீரைத் தடுத்தல், பிறகு வேண்டாதவற்றைக் கழித்தல், துடைத்தல், ஒளியைச் சரிசெய்தல், இடம் மாற்றி அமைத்தல் என்று போய், வண்ணத்துக்குப் பின்னரே வாங்குதலுக்கு வர வேண்டும். இந்த வரிசையின் முற்பகுதியில் உள்ள வேலைகளுள் பலவற்றுக்கு உழைப்புத்தான் மிகுதியாகத் தேவை, பணம் குறைவு. நூலகத்தின் தோற்றம் பெரிதும் மாறுவதும் அவற்றால்தான்.

எந்தச் செலவைச் செய்யலாம், எதை விடலாம் என்று குழப்பம் வரும்போது துணைக்கு ஓர் உரைகல் இருக்கிறது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. ஒரு மாற்றம், வருபவர் தமக்கு வேண்டிய நூலையோ இருக்கையையோ விரைவில் அடைய உதவுமானால் அதற்கு முன்னுரிமை தரலாம். அப்படி உதவாத அலங்காரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் காத்திருக்கட்டும்.

கவனித்தலும் கணக்கிடுதலும்

வேலையைத் தொடங்குமுன் நூலகத்தை அதன் ஊழியராகப் பார்க்காமல், முதன்முறை வருபவராக வாசலிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். தினமும் பார்ப்பவர்களின் கண்ணுக்குப் படாதவை இப்போது தெரியவரும்: கதவில் ஒட்டி வெயிலில் வெளுத்துப்போன அறிவிப்பு, உள்ளே நுழைந்தவுடன் எதிர்ப்படும் பழுதான மின்விசிறி, யாரும் உட்காராத மூலை. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளிலும் ஒரே இடங்களில் நின்று கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கட்டங்கள் கொண்ட தாளில், ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில், அதாவது உண்மையான ஒரு மீட்டரை இரண்டு சென்டிமீட்டராகக் கொண்டு, அறையின் வரைபடத்தை வரையுங்கள். அலமாரிகளையும் மேசைகளையும் அதே அளவில் அட்டையில் வெட்டிக்கொண்டால், கனமான பொருள்களைத் தூக்கி நகர்த்தாமலே பத்து வகை அமைப்புகளைத் தாளின்மீது சோதித்துப் பார்க்கலாம். வாசகர்கள் எங்கே அமர்கிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள், எந்த இடத்தில் நின்று தயங்குகிறார்கள் என்பதை ஒரு வாரம் அந்த வரைபடத்தின் படியொன்றில் குறித்து வந்தால் போதும். தனியே கருத்துக் கணிப்பு எடுக்கத் தேவையில்லை. கணிப்பில் மக்கள் தாம் விரும்புவதாக எண்ணுவதைச் சொல்வார்கள். நடைவழியோ அவர்கள் உண்மையில் செய்வதைக் காட்டும்.

நிதியைப் பங்கிடும்போது எதிர்பாராத செலவுக்கென மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தொடாமல் வைப்பது நல்லது. பழைய கட்டடத்தில் ஓர் அலமாரியை நகர்த்தினாலே அதன் பின்னால் ஒரு செலவு ஒளிந்திருக்கும். இதைவிட முக்கியமானது பராமரிப்பு. அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி ஊர்களுக்கு நூலகக் கட்டட நிதி வழங்கியபோது, தாம் தரும் தொகையில் பத்து விழுக்காட்டை அந்த ஊர் ஆண்டுதோறும் நூலகத்தை நடத்தச் செலவிட வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை வைத்தார். கட்டிக் கொடுப்பதைவிடக் காத்து நடத்துவதே கடினம் என்று அறிந்தவரின் நிபந்தனை அது. புதுப்பித்தலுக்கும் அது பொருந்தும்: ஆண்டுதோறும் சிறு தொகையாவது ஒதுக்க வழியில்லாத எந்த அமைப்பையும் இப்போது நிறுவ வேண்டாம்.

நீரும் ஓதமும்

நூலகத்தின் முதல் பகை நீர். கூரையின் வடிகால் வாய்களில் இலையும் மண்ணும் அடைத்திருக்கின்றனவா, சுவரை ஒட்டிச் செல்லும் குழாய்களில் கசிவு உள்ளதா, சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே வெடிப்பு உள்ளதா என்பவற்றை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று ஐயுறலாம். மேற்பகுதியில் வட்ட வட்டமாகக் கறை படிந்திருந்தால் நீர் மேலிருந்து வருகிறது. காரணத்தைக் கண்டு சரிசெய்து, சுவர் நன்றாக உலர்ந்த பிறகே பட்டி பார்ப்பதும் வண்ணம் பூசுவதும் பயன் தரும்.

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி அறையின் நடுவிலும், ஐயத்துக்குரிய மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒப்பு ஈரப்பதம் தொடர்ந்து 65 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு மிகும். குளிர்சாதனம் இல்லாத நூலகத்திலும் இதற்கு எளிய மருந்து உண்டு: வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் அலமாரிகளைச் சில சென்டிமீட்டர் முன்னால் இழுத்துக் காற்றோட்டத்துக்கு வழிவிடுதல், கடைசித் தட்டைத் தரையிலிருந்து பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் அமைத்தல், எதிரெதிர்ச் சன்னல்களை வறண்ட நேரங்களில் திறந்து ஈரமான நேரங்களில் மூடி வைத்தல். கரையான் தடம் தெரிந்தால் மட்டும் தயங்காமல் தொழில்முறையில் அதைச் செய்பவரை அழையுங்கள். சிக்கனம் காட்டக்கூடாத இடங்களுள் அது ஒன்று. மின்கம்பிகளின் பாதுகாப்பும் அத்தகையதே.

கழித்தல்

இனி வருவது எல்லாவற்றிலும் மலிவான வேலை. எல்லாவற்றிலும் தயக்கம் தருவதும் இதுதான். நூல்களைக் கழிப்பதைப் பலர் ஒரு குற்றமாகவே கருதுகிறார்கள். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. ஆயினும் அட்டை பிய்ந்து, தாள் பழுத்து, பத்தாண்டுக்கு முந்திய தேர்வுக் கையேடுகளும் மாறிப்போன சட்டங்களை விளக்கும் நூல்களும் நிறைந்த அலமாரியில், அங்கேயே இருக்கும் நல்ல நூல் வாசகர் கண்ணில் படாமல் போகிறது. தவறான மருத்துவக் குறிப்பைக் கொண்ட பழைய நூல் ஒன்றை நம்பி ஒருவர் இரவல் பெற்றுச் சென்றால், அது நூலகத்தில் இல்லாமல் இருந்ததைவிடத் தீமையே விளையும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1970களில் சிறு, நடுத்தரப் பொது நூலகங்களுக்கென உருவாகிப் பின்னர் பல நாடுகளிலும் பரவிய கழித்தல் முறையொன்று, ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துச் சில கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. இதில் உள்ள செய்தி இப்போது தவறாகிவிட்டதா? பழுதுபார்க்க முடியாத அளவு சிதைந்துவிட்டதா? இதைவிடப் புதிய பதிப்போ சிறந்த நூலோ வந்துவிட்டதா? ஆழமின்றி, அந்தக் காலத்துப் பரபரப்புக்காக மட்டும் எழுதப்பட்டதா? இங்கு வரும் வாசகர்களின் தேவைக்குத் தொடர்பற்றதா? தேவைப்பட்டால் வேறோரிடத்திலிருந்து எளிதில் பெறக்கூடியதா? இவற்றுடன் கடைசியாக எப்போது இரவல் போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்பதால் நூலை நீக்கிவிடக் கூடாது. பதில்கள் ஒன்று சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதே முடிவு செய்யும். எந்தத் துறைக்கு எவ்வளவு காலம் என்ற வரம்பையும் நூலகமே எழுதி வைத்துக்கொள்ளலாம். கணினி, மருத்துவம், சட்டம், பயண வழிகாட்டி போன்றவை விரைவில் காலங்கடந்துவிடும். இலக்கியம், மெய்யியல், வரலாறு ஆகியவற்றை ஆண்டைக் கொண்டு அளக்க இயலாது.

உள்ளூர் வரலாறு, உள்ளூர் எழுத்தாளர்களின் படைப்புகள், வேறெங்கும் கிடைக்காத பழைய மலர்கள், சிற்றிதழ்கள் ஆகியவற்றைக் கழிவுக் குவியலிலிருந்து முதலிலேயே பிரித்துத் தனி அடுக்கில் வைத்துவிடுங்கள். எவ்வளவு சிதைந்திருந்தாலும் இவற்றின் முடிவை ஒருவர் தனியாக எடுக்கக் கூடாது. அதைப்போலவே, நீக்கும் ஒவ்வொரு நூலையும், நூலகத்துக்கு வந்த நூல்களை வரிசையாகப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் குறித்து, நூலகம் எந்த நிர்வாகத்தின்கீழ் இயங்குகிறதோ அதன் எழுத்து வடிவிலான ஒப்புதலைப் பெற்று, நூலில் உள்ள நூலக முத்திரையைக் கோடிட்டு அடித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். இந்த நடைமுறையைத் தவிர்த்துவிட்டு இரவோடிரவாகக் குப்பையில் கொட்டிய நூல்கள் எப்படியும் யாருடைய கண்ணிலாவது பட்டு, நூலகத்தின் நற்பெயரைக் கெடுத்துவிடும். நல்ல நிலையில் உள்ளவற்றை வேறு நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்கலாம், அல்லது விற்று அந்தத் தொகையைச் சீரமைப்புக்கே பயன்படுத்தலாம். எஞ்சியவற்றைத் தாள் மறுசுழற்சிக்கு அனுப்பலாம்.

எவ்வளவு கழிப்பது என்பதற்கு ஒரு கண்ணளவு உண்டு. ஒவ்வொரு தட்டும் முக்கால் பங்கு நிறைந்திருந்தால் போதும். கால் பங்கு வெற்றிடம் இருந்தால் நூலைப் பிதுக்கி இழுக்காமல் எடுக்கலாம், திரும்பி வந்ததை அதன் இடத்திலேயே வைக்கலாம், புதிய வரவுகளுக்கும் இடம் கிடைக்கும். முடிந்த இடங்களில் மிக உயரத்தில் உள்ள தட்டையும் தரையை ஒட்டிய தட்டையும் காலியாகவே விட்டுவிடுங்கள். எட்டாத உயரமும் குனிய முடியாத தாழ்வும் முதியவர்களை நூலிலிருந்து விலக்கி வைப்பவை.

கழிவுநீக்கம் நடக்கும்போதே நூலுக்குப் புறம்பான பொருள்களையும் ஒரு பட்டியலில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்: ஓடாத கடிகாரம், கால் உடைந்த நாற்காலிகள், கட்டுக்கட்டாகப் பழைய நாளிதழ்கள், யாருக்கும் நினைவில்லாத பெட்டிகள். கூடவே சுவரில் உள்ள ‘செய்யாதீர்’ அறிவிப்புகளை எண்ணிப் பாருங்கள். பேசாதீர், தொடாதீர், சாயாதீர், காலணியுடன் நுழையாதீர் என்று ஒரே சுவரில் வரிசையாக நிற்கும் கட்டளைகளில் உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றிரண்டை மட்டும் பணிவான சொற்களில் மீண்டும் எழுதி வைத்துவிட்டு மற்றவற்றைக் கிழித்தெறியலாம். எனக்குத் தெரிந்தவரை, ஒரு காசும் செலவில்லாமல் அறையின் முகத்தை இளகச் செய்யும் வேலை இதைப்போல் வேறில்லை.

துடைத்தலும் நூல் பழுதுபார்த்தலும்

தூசைத் துடைக்கும்போது மேல்தட்டிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். நூலை இறுக மூடிப் பிடித்து, மேல் விளிம்பை முதுகுப்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஈரத்துணியைத் தட்டுக்கு மட்டுமே பயன்படுத்தி, அது முழுதும் உலர்ந்த பின்னரே நூல்களை அடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த நூல்களை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து திறந்தவெளியில் துடைக்க வேண்டும். இராமபாணப் பூச்சி அரித்த நூல்களுக்கு நாப்தலின் உருண்டை போடும் வழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. அதன் ஆவி மூடிய அறையில் அமர்ந்து படிப்பவர்களுக்குத் தீங்கானது. பூச்சி தாக்கிய சில நூல்கள் மட்டும் இருந்தால், காற்றுப் புகாத பாலித்தீன் பையில் மூடி, ஆழ்குளிர்ப் பெட்டியில் சுமார் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரமோ அதற்கு மேலோ வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்தை அடையும்வரை பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

கிழிந்த தாளைச் செல்லோடேப்பால் ஒட்டுவதைப் போல் நூலுக்குத் தீங்கானது வேறில்லை. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி ஊறிப் பக்கங்களைக் கறையாக்கும். படலம் மட்டும் தனியே உரிந்து விழும். கிழிசலுக்கு மெல்லிய ஒட்டுத்தாளையும் மாவுப் பசையையும் பயன்படுத்தலாம். தையல் விட்ட முதுகுப்புறத்துக்குப் புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும், உலர்ந்த பின்னும் வளையும் வெள்ளைப் பசை ஏற்றது. பைண்டிங் செய்ய வேண்டியவற்றை முதலில் தரம் பிரியுங்கள். அடிக்கடி இரவல் போகிற, வேறு படி கிடைக்காத நூலுக்கு மட்டுமே பைண்டிங் செலவு தகும். அதே விலையில் புதிய படியே கிடைக்குமானால் பழையதைக் கட்டுவதில் பொருளில்லை.

ஒளி

வண்ணத்தை மாற்றாமலே ஓர் அறையைப் புதிதாகக் காட்டக்கூடியது ஒளி. விளக்குகளின் மீதும் அவற்றின் மூடிகளின் மீதும் படிந்த தூசைத் துடைத்தாலே, மங்கியிருந்த ஒளி கண்ணுக்குத் தெரியும்படி கூடிவிடும். சன்னல்களை மறைத்து நிற்கும் உயரமான அலமாரிகளை அங்கிருந்து அகற்றிச் சன்னலுக்குச் செங்குத்தான வாக்கில் திருப்பி வைத்தால் பகலொளி இடைவழிகளின் வழியே உள்ளே வரும். சன்னலோரத்தில் படிக்கும் மேசைகளைப் போடலாம். ஆனால் நேர்வெயில் நூல்களின்மீது விழக்கூடாது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் அட்டையின் நிறத்தை வெளிறச் செய்து, மலிவான தாளை விரைவில் பழுப்பாக்கும். அத்தகைய சன்னலுக்கு மெல்லிய வெளிர்நிறத் திரை போதும். அடர்நிறத் திரை வெயிலோடு ஒளியையும் சேர்த்து விரட்டிவிடும்.

செயற்கை ஒளிக்கு வழக்கில் உள்ள அளவு, ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் என்ற அலகில், படிக்கும் மேசையின்மீது 500 லக்ஸ், அலமாரியின் முகப்பில் 200 லக்ஸ். கைப்பேசிச் செயலிகள் காட்டும் அளவு துல்லியமானதன்று; ஆயினும் எந்த இடம் வேறெதைவிட இருண்டது என்பதை ஒப்பிட்டறிய அது போதும். அளக்கும்போது கடைசித் தட்டை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான நூலகங்களில் மேல்தட்டு பளிச்சென்றும் கீழ்த்தட்டு இருட்டாகவும் இருப்பதற்குக் காரணம், விளக்குகள் அலமாரியின் தலைக்கு நேர்மேலே இருப்பதே. குழல் விளக்குகளை அலமாரி வரிசைகளுக்குக் குறுக்காக அமைத்தால், எல்லா இடைவழிகளுக்கும் ஒளி சென்றடைவதுடன், பிற்காலத்தில் அலமாரிகளை நகர்த்தினாலும் விளக்கை நகர்த்தத் தேவை இராது. பழைய குழல் விளக்குகளுக்கு மாற்றாக எல்இடி வாங்கும்போது, ஒளி மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதைக் காட்டும் நிற வெப்பநிலை 4000 கெல்வின் அளவிலும், நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீட்டெண் 80க்கு மேலும் உள்ளதா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள். ஒரே அறையில் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று நீலமாகவும் எரிந்தால் அறை முழுவதும் ஒட்டுப்போட்ட துணியைப் போல் தோன்றும். ஆகவே முழு அறைக்கும் ஒரே வகையை வாங்கப் பணமில்லையெனில், படிக்கும் பகுதியை மட்டும் முழுமையாக மாற்றிவிட்டு எஞ்சியதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம்.

அலமாரிகளும் இடவமைப்பும்

புதிய அலமாரி வாங்குவதற்குமுன் பழையதைச் சோதியுங்கள். நடுவில் தொய்ந்த மரத்தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சில ஆண்டுகள் தாங்கும். அது தற்காலிக வழி. நிலையான வழி, தட்டின் நடுவில் தரைவரை எடை இறங்கும்படி ஒரு செங்குத்துத் தாங்கி கொடுப்பது. தட்டின் நீளம் முழுதும் நூல்கள் சீராக அடுக்கப்பட்டிருக்கும் நிலையில், தாங்கிகளுக்கிடையே உள்ள தொலைவைப் பாதியாக்கினால் தொய்வு ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினாலோ எட்டில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகவே தடித்த பலகை வாங்குவதைவிட ஒரு தாங்கி வைப்பதே மலிவு. புதிதாகச் செய்வதாயின் தட்டின் நீளம் 90 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஆழம் 20 முதல் 25 சென்டிமீட்டர் போதும். அதைவிட ஆழமான தட்டில் நூல்கள் இரண்டு வரிசையாகப் பதுங்கத் தொடங்கும். இரும்பு அலமாரியில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு ஒன்றைக் கொடுத்தபின் எனாமல் பூசலாம். உயரமான அலமாரிகள் ஒவ்வொன்றையும் சுவரோடு திருகாணியால் பிணைத்துவிட வேண்டும். குழந்தைகள் தட்டில் கால்வைத்து ஏறுவார்கள் என்று எதிர்பார்த்தே இதைச் செய்ய வேண்டும்.

இடைவழிகள் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். சக்கர நாற்காலி திரும்புவதற்கு, ஒன்றிரண்டு இடங்களிலாவது 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் தேவை. வாசலில் படி இருந்தால் சாய்தளம் அமைக்க வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வுக்கு, 15 சென்டிமீட்டர் உயரப் படியைக் கடக்க 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, இடமிருக்கிறதா என முதலிலேயே அளந்து பாருங்கள். பொது நூலகம் எல்லோருக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பும் 1994இலும் மீண்டும் 2022இலும் வெளியிட்ட அறிக்கைகளின் அடிப்படை. படியேற முடியாதவருக்கு அந்தச் சமத்துவம் வாசலிலேயே முடிந்துபோகிறது.

வரும் வாசகர் நுழைந்தவுடன் பார்க்கும் இடத்தில் பதிவு மேசையும், அதற்கருகில் புதிய வரவுகளும் நாளிதழ்களும், தொலைவில் அமைதியான படிப்பிடமும் அமைவது பொருத்தம். குழந்தைகள் பகுதியை அமைதிப் பகுதியிலிருந்து இயன்றவரை தள்ளி, நூலகர் இருந்த இடத்திலிருந்து பார்க்கக்கூடியதாக வையுங்கள். அங்கு அலமாரிகள் 120 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது; படக்கதை நூல்களை முதுகுப்புறம் தெரிய அடுக்காமல், அட்டை தெரியும்படி தாழ்வான பெட்டிகளில் நிறுத்தி வைக்க வேண்டும். படிக்கத் தெரியாத குழந்தையும் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுப்பது அப்படித்தான். தரையில் துவைக்கக்கூடிய ஒரு விரிப்பு இருந்தால் போதும்; வண்ண வண்ணச் சிறு நாற்காலிகள் பிறகு வரட்டும்.

நாற்காலி, மேசைக் கால்களின் அடியில் கம்பளித் துண்டு ஒட்டுவதால் அறையின் இரைச்சலில் பெரும்பகுதி குறையும். ஆடும் மேசைகளின் காலைச் சரிசெய்யுங்கள். முதியோர் எழுந்திருக்க உதவும் கைப்பிடியுள்ள நாற்காலிகள் சிலவற்றை நாளிதழ்ப் பகுதியில் போடுங்கள்.

நூல்களைக் காட்டி வைத்தல்

கழித்தலால் கிடைத்த வெற்றிடத்தை இப்போது பயன்படுத்தலாம். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒரு நூலை அட்டை முகம் தெரியத் திருப்பி வையுங்கள். அது இரவல் போனால் அடுத்ததை வையுங்கள். வாசல் அருகே ஒரு மேசையில் மாதம் ஒரு பொருளைச் சார்ந்த இருபது நூல்களை அடுக்கி, எடுத்துச் செல்லலாம் என்று எழுதி வையுங்கள். காட்சிக்கு வைத்ததை எடுக்கக் கூடாது என்று வாசகர்கள் நினைத்து ஒதுங்கிப் போவது வழக்கம்.

வகைப்பாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட, நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் சிறு நூலகத்துக்குப் புள்ளிக்குப் பின் ஓரிரு இலக்கங்களே போதும். நீண்ட எண்கள் சீட்டில் இரண்டு வரியாக மடிந்து, நூலை அடுக்குபவரையும் தேடுபவரையும் ஒருசேரத் திணறடிக்கும். முதுகுப்புறச் சீட்டுகளை எல்லா நூல்களிலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஒட்டுங்கள். அறைக்கு ஒழுங்கு தருவதில் இந்தச் சிறு ஒழுங்கின் பங்கு பெரிது.

அலமாரிப் பலகைகளில் எண்ணை மட்டும் எழுதாமல் பொருளையும் எழுதுங்கள்: வேளாண்மை, உடல்நலம், சிறுகதை, தேர்வுக்கு உதவுபவை என்று. மூன்று மீட்டர் தொலைவிலிருந்து வசதியாகப் படிக்க எழுத்தின் உயரம் சுமார் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது கைக்கணக்கு. தமிழில் ணை, ஞூ போன்று கொம்பும் சுழியும் நெருங்கிய எழுத்துகள் உள்ளதால் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும், தடித்த ஆனால் அலங்காரமற்ற எழுத்துருவிலும் அச்சிடுங்கள். வெளிர்நிறப் பின்னணியில் கரிய எழுத்தே எப்போதும் நன்கு தெரியும். பலகைகள் அனைத்தும் ஒரே எழுத்துரு, ஒரே நிறம் என்று இருந்தால், சாதாரணத் தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டியவைகூட முறையாகச் செய்ததாகத் தோன்றும்.

வண்ணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உட்கூரைக்கு வெள்ளை; சுவர்களுக்கு ஒளியை நன்கு திருப்பித் தரும் வெளிர்நிறம்; கண்கூசாமல் இருக்கப் பளபளப்பற்ற பூச்சு. கைபடும் உயரம்வரை மட்டும் கழுவக்கூடிய, சற்றுப் பளபளப்பான பூச்சைப் பயன்படுத்தலாம். விருப்பமான அடர்நிறம் ஏதேனும் இருந்தால் ஒரே ஒரு சுவருக்கு, அதிலும் நூல்கள் மறைக்காத சுவருக்கு, அதைத் தரலாம். அலமாரியால் முழுதும் மறையும் சுவருக்கு இரண்டாம் பூச்சு வீண்செலவு. வாசனை குறைந்த வகையைத் தேர்ந்து, பூசியபின் சில நாள்கள் சன்னல்களைத் திறந்து வைத்த பிறகே நூல்களை மீண்டும் கொண்டுவாருங்கள். எந்த நிறத்தை, எந்த எண்ணில் வாங்கினீர்கள் என்பதைப் பதிவேட்டில் குறித்து, மிச்சத்தை மூடி வையுங்கள். சுவரில் விழும் கீறலைத் திருத்த அது உதவும்.

ஆள்பலம், நன்கொடை, பராமரிப்பு

முழு நூலகத்தையும் மூடிவிட்டு ஒரே மூச்சில் செய்வதைவிட, ஒரு பகுதியை மட்டும் கயிறு கட்டி மறைத்துப் படிப்படியாகச் செய்வது வாசகர்களுக்கு நல்லது. ஆனால் கழித்தலையும் மறு அடுக்கலையும் ஒரே துறைக்குள் முடித்துவிட வேண்டும், பாதியில் விட்டால் எண் வரிசை குலைந்துவிடும். உதவ முன்வரும் தன்னார்வலர்களுக்கு வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் துடைக்க, ஒருவர் சீட்டு ஒட்ட, ஒருவர் எண் வரிசையைச் சரிபார்க்க என்று. எதைக் கழிப்பது என்ற முடிவை மட்டும் நூலகரிடமே விடுங்கள்.

நன்கொடையாக நூல் தருவோரிடம், நூலகத்துக்குப் பொருந்தாதவற்றை வேறெங்கும் கொடுக்க நூலகத்துக்கு உரிமை உண்டு என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் கழித்து ஒழித்த தட்டுகள் ஓராண்டுக்குள் வேறொருவர் வீட்டுப் பழைய நூல்களால் மீண்டும் நிரம்பிவிடும். நன்கொடையாளர் பணம் தர விரும்பினால், ஒரு விளக்கு வரிசை அல்லது குழந்தைகள் பகுதியின் ஒரு பெட்டி என்று திட்டவட்டமான ஒன்றின் விலையைச் சொல்லிக் கேட்பது, பொதுவாக உதவி கோருவதைவிட எளிதில் கைகூடும்.

வேலை முடிந்தபின் ஒரு பக்கத்தில் பராமரிப்பு அட்டவணை ஒன்றை எழுதிப் பதிவு மேசையின் உள்பக்கம் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை எந்தத் தட்டுகளைத் துடைப்பது, மாதம் ஒருமுறை எந்த விளக்குகளைப் பார்ப்பது, மழைக்கு முன் கூரை வடிகாலை யார் துப்புரவு செய்வது, ஆண்டுக்கு ஒருமுறை எந்தத் துறையில் கழித்தலை மேற்கொள்வது என அதில் பெயரும் பொறுப்பும் இருக்கட்டும். வேலைக்கு முந்திய மாதங்களிலும் பிந்திய மாதங்களிலும் நாள்தோறும் எத்தனை பேர் வந்தார்கள், எந்தத் துறையில் எத்தனை நூல்கள் இரவல் போயின என்ற எண்ணிக்கையைத் தொடக்கத்தில் எடுத்த படங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு நிதி கோரும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆவணங்கள் அவை.